டீலர் கடையை மூடுகிறாரா? பைக்கை ஓட்டத்தில் வைத்திருக்க என்ன செய்ய வேண்டும்

பைக் டீலர் வண்டி விற்றுத்தான் பிழைக்கிறார் என்று தோன்றும். புது வண்டியில் அவருக்கு நிற்பது சொற்பம். ஷோரூமில் வரிசையாக நிற்பவை பெரும்பாலும் கடனில் எடுத்து நிறுத்தியவை. விலை போகாமல் நிற்கும் ஒவ்வொரு மாதமும் வட்டி ஏறும். வாடகை, சம்பளம், கரண்ட் பில் மூன்றையும் தாங்குவது சர்வீஸும் ஸ்பேரும்தான். அந்த வருமானத்தில் ஆன்லைன் கடைகள் கைவைத்த பிறகு கணக்கு இடிக்க ஆரம்பித்தது. இதற்கு நடுவில் "எங்கள் பிராண்டுக்குத் தனி ஷோரூம் கட்டு, இந்த டைல்ஸ் போடு, இந்த போர்டு வை" என்று கம்பெனி கேட்கும். பல பிராண்டுகளை ஒரே கூரைக்குக் கீழே விற்று வந்த சின்ன டீலருக்கு வயதாகிவிட்டது, பிள்ளைகளுக்கு இந்தத் தொழிலில் ஆசையில்லை என்றால், அவர் இன்னொரு கடன் வாங்க மாட்டார். டீலர்ஷிப்பைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

சில சமயம் பிராண்டே போய்விடும். பூயெல் தயாரிப்பை நிறுத்துவதாக ஹார்லி-டேவிட்சன் 2009 அக்டோபரில் அறிவித்தது. விக்டரியை மூடுவதாக போலாரிஸ் 2017 ஜனவரியில் சொன்னது. பாகங்கள் 10 ஆண்டுகளுக்குக் கிடைக்கும் என்றும் சொன்னது. ஒழுங்காகப் பார்த்துக்கொண்ட பைக்குக்கு 10 ஆண்டு ஒரு வயதே இல்லை.

டீலர் போனால் கூடவே போகிற விஷயங்கள் நான்கு: சாவிக் கோடு, சரியான பார்ட் நம்பரைத் தேடித் தரும் ஆள், வண்டியின் கோளாறைப் படிக்கும் கம்பெனி ஸ்கேனர், அந்த மாடலுக்கென்றே செய்த டூல்கள். மற்றதெல்லாம் வெளியில் கிடைக்கும். ஆகவே இந்த நான்குக்கும் மாற்று ஏற்பாடு செய்துகொண்டால் போதும். வண்டியை விற்க வேண்டியதில்லை.

மூடப்போவது முன்பே தெரியும்

முதலில் காலியாவது ஸ்பேர் கவுன்டர். ஆயில் ஃபில்டர், பிரேக் பேட், கிளட்ச் கேபிள் மாதிரி தினமும் ஓடும் சாமானுக்கே "ஆர்டர் போட்டுத்தான் வரும், முழுப் பணம் முன்னாடியே கட்டுங்க" என்றால் கம்பெனியிடம் அவருக்குக் கடன் வசதி நின்றுவிட்டது என்று அர்த்தம். அடுத்து, பழைய மெக்கானிக்குகள் ஒவ்வொருவராகக் காணாமல் போவார்கள். ஷோரூமில் டிஸ்ப்ளே வண்டி தவிர வேறு வண்டி இருக்காது. இந்த நிலையில் புது வண்டிக்கு முன்பணம் கட்டாதீர்கள். சர்வீஸ் பேக்கேஜ், நீட்டித்த வாரன்டி இரண்டையும் வாங்கும் முன் அந்த ஒப்பந்தம் யாருடையது என்று தாளில் பாருங்கள். கம்பெனி பெயரில் இருந்தால் வேறு டீலரிடம் செல்லும். டீலர் தன் பெயரிலேயே கொடுத்திருந்தால் கடையோடு அதுவும் போகும்.

கதவு திறந்திருக்கும்போதே வாங்க வேண்டியவை

முதல் வேலை சாவி. இதைத்தான் எல்லோரும் கடைசியில் நினைக்கிறார்கள், இதில்தான் செலவு பெரிதாக வரும். இம்மொபிலைசர் (திருட்டைத் தடுக்கும் மின்னணுப் பூட்டு) உள்ள வண்டியில் சாவித் தலைக்குள் ஒரு சிப் இருக்கும். சாவியை அச்சு அசலாக வெட்டினாலும் அந்தச் சிப் ஈசியூவில், அதாவது இன்ஜினை இயக்கும் கன்ட்ரோல் யூனிட்டில், பதிவாகாவிட்டால் இன்ஜின் எழும்பாது. ஹோண்டாவின் ஹிஸ் என்ற இம்மொபிலைசர் அமைப்பில் 4 சாவிகள் வரை பதியலாம். ஆனால் புதுச் சாவியைப் பதிய, ஏற்கெனவே பதிந்த சாவி ஒன்று கையில் வேண்டும். எல்லாச் சாவியும் தொலைந்தால் கன்ட்ரோல் யூனிட்டையே மாற்ற வேண்டும் என்று பல மாடல்களின் கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. யமஹாவில் சிவப்புத் தலைச் சாவி ஒன்று வரும். அது ஓட்டுவதற்கு இல்லை, கறுப்புச் சாவிகளைப் பதிவதற்கு. அதைத் தொலைத்தாலும் கறுப்புச் சாவியில் வண்டி ஓடும். கறுப்பும் தொலைகிற நாளில் மொத்த இம்மொபிலைசரையும் மாற்ற நேரும்.

எனவே ஒரே ஒரு சாவியோடு ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் இந்த வாரமே இரண்டாவது சாவி செய்து பதிந்துகொள்ளுங்கள். சாவியோடு வந்த சின்ன உலோகத் தகட்டில் உள்ள எண்ணைப் போட்டோ எடுத்து வையுங்கள். சாவியே செருகாத ஸ்மார்ட் கீ வண்டியானால் அதன் ஐடி எண் அச்சிட்ட அட்டையை வண்டியில் வைக்காமல் வீட்டில் வையுங்கள். செய்த சாவிகளை ஒரே வளையத்தில் கோக்க வேண்டாம். இரண்டு சிப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ரிசீவர் குழம்பி வண்டி ஸ்டார்ட் ஆகாமல் நிற்கும். பேட்டரியையும் பிளக்கையும் மாற்றிப் பார்த்த பிறகுதான் பலருக்கு இது தெரிய வருகிறது.

இரண்டாவது, ரீகால். திரும்ப அழைக்கப்பட்ட கோளாறு உங்கள் வண்டியில் சரிசெய்யப்பட்டதா என்று சேஸிஸ் நம்பரைக் கொடுத்துக் கேளுங்கள். 17 இலக்கம் கொண்ட அந்த நம்பர் பெரும்பாலும் ஹேண்டில்பாருக்குக் கீழே ஃபிரேமின் கழுத்தில் குத்தியிருக்கும். அதில் ஆங்கில ஐ, ஓ, க்யூ எழுத்துகள் வராது; அப்படித் தெரிந்தால் அது 1 அல்லது 0. பாக்கி இருந்தால் இங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, ஜாப் கார்டுகள். கம்ப்யூட்டரில் இருக்கிறது என்று விடாதீர்கள். தேதி, கிலோமீட்டர், மாற்றிய பாகத்தின் நம்பர், ஊற்றிய ஆயிலின் கிரேடு எல்லாம் தெரிகிற மாதிரி பிரிண்ட் வாங்குங்கள். நாளை வாரன்டிக்குப் போராடவும், வண்டியை விற்கவும் இந்தத் தாள்தான் பேசும்.

பார்ட் நம்பரைப் படிக்கத் தெரிந்தால் பாதி டீலர் நீங்களே

"2015 மாடலுக்கு கிளட்ச் கேபிள்" என்று கேட்டு வாங்கினால் தப்பான கேபிள் வருவதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஒரே ஆண்டிலேயே பாதியில் மாற்றியிருப்பார்கள். ஏபிஎஸ் உள்ளதற்கும் இல்லாததற்கும் வேறு வேறு இருக்கும். கம்பெனியின் பார்ட்ஸ் கேட்டலாக்கில் ஒவ்வொரு பகுதியும் பிரித்துப் போட்ட படமாக இருக்கும், படத்தின் எண்ணுக்கு எதிரே பார்ட் நம்பர் இருக்கும். உங்கள் சேஸிஸ் நம்பருக்குரிய கேட்டலாக்கை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஓனர் மேனுவலும் சர்வீஸ் மேனுவலும் ஒன்றல்ல. டார்க் அளவு (போல்ட்டை எவ்வளவு முடுக்க வேண்டும் என்பது), தேய்மான வரம்பு, வயரிங் படம் எல்லாம் சர்வீஸ் மேனுவலில்தான் வரும். அதையும் வாங்குங்கள்.

நம்பருக்குள் ஒரு ஒழுங்கு இருக்கிறது. ஹோண்டாவில் 5-3-3 என்று பிரியும். 15410-எம்சிஜே-505 என்றால் முதல் ஐந்து இலக்கம் பாகத்தின் வகை (15410 ஆயில் ஃபில்டர்), நடுவில் உள்ளது அது முதலில் வந்த மாடலின் குறி, கடைசி மூன்று அதன் திருத்தம். யமஹாவில் மாடல் குறி முன்னால் வரும்: 5ஜிஎச்-13440-50. கடைசி இலக்கங்கள் 50, 60, 70 என்று மாறினால் பெரும்பாலும் அதே பாகத்தின் புதிய பதிப்பு. பழைய நம்பரைப் போட்டதும் "இல்லை" என்று வந்தால் உடனே மனதை விட வேண்டாம். அந்த நம்பருக்குப் பதில் வந்த புது நம்பர் எது என்று தேடுங்கள். சுசுகி 5-5 என்றும், கவாசாகி 5-4 என்றும் எழுதும்.

மாடல் குறியால் இன்னொரு லாபம் உண்டு. உங்கள் வண்டியின் ஒரு பாகத்தில் வேறு மாடலின் குறி இருந்தால், கம்பெனி அந்த மாடலின் பாகத்தையே இதிலும் போட்டிருக்கிறது என்று தெரிந்துவிடும். உங்கள் மாடல் அரிதாக இருந்து அந்த மாடல் லட்சக்கணக்கில் ஓடுகிறதென்றால், உடைப்புக் கடையில் தேட வேண்டிய வண்டி எது என்று உங்களுக்குத் தெரியும்.

கம்பெனிப் பெட்டியே வேண்டாத பாகங்கள்

வீல் பேரிங்கின் விளிம்பில் 6204-2ஆர்எஸ் மாதிரி எண் குத்தியிருக்கும். உள் விட்டம் 20, வெளி விட்டம் 47, அகலம் 14 மி.மீ.; எந்தப் பேரிங் கடையிலும் இதே அளவு கிடைக்கும். 2ஆர்எஸ் என்றால் இரண்டு பக்கமும் ரப்பர் மூடி. மூடியில்லாததை வாங்கி வீலில் அடித்தால் முதல் மழையிலேயே தண்ணீர் இறங்கிவிடும். ஃபோர்க் ஆயில் சீலிலும் அளவு எழுதியிருக்கும்: 41×54×11 என்றால் ஃபோர்க் குழாய் 41 மி.மீ. ஸ்பார்க் பிளக்கில் என்ஜிகே சிஆர்9இ இல்லாவிட்டால் டென்ஸோ யு27இஎஸ்ஆர்-என் போடலாம். இரண்டு கம்பெனியின் வெப்ப எண்ணும் வேறு கணக்கு: என்ஜிகேயில் 7, 8, 9 என்பது டென்ஸோவில் 22, 24, 27.

செயினும் அப்படித்தான். 520, 525, 530 மூன்றிலும் பின்னுக்குப் பின் 15.875 மி.மீ. அகலம்தான் வேறு. 428 செயினில் 12.7 மி.மீ. ஸ்ப்ராக்கெட்டில் பற்களின் எண்ணிக்கையையும் இதையும் குறித்துக்கொண்டால் எந்த பிராண்டிலும் செட் வாங்கலாம்.

எதை வாங்கி வைப்பது, எதை வைக்கக் கூடாது

கடை மூடும்போது ஸ்டாக்கைத் தள்ளுபடியில் தள்ளுவார்கள். அங்கேதான் ஆசைப்பட்டுக் குப்பை வாங்குவது நடக்கும். வேறு எங்கும் கிடைக்காதது, கெட்டால் வண்டி அசையாதது, அலமாரியில் கெடாதது என்ற மூன்றுக்கும் பொருந்துவதை மட்டும் எடுங்கள். கிளட்ச் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள், இரண்டு லீவர், கியர் பெடல், கிளட்ச் கவர் கேஸ்கெட், வால்வ் கவர் கேஸ்கெட், ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர் (பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தைச் சீராக்குவது), கிராங்க் சென்சார், ஏர் ஃபில்டர் இரண்டு, ஆயில் ஃபில்டர் நான்கு: இவ்வளவு போதும். காகித கேஸ்கெட்டைச் சுருட்டாமல், பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமல் சமமாகப் படுக்க வையுங்கள். காய்ந்து சுருங்கினால் போல்ட் ஓட்டை பொருந்தாது.

டயர், பேட்டரி, பிரேக் ஆயில் மூன்றையும் முன்கூட்டி வாங்கி வைக்காதீர்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள 4 இலக்கம் தயாரான வாரமும் ஆண்டும்: 2322 என்றால் 2022-இன் 23-ஆவது வாரம். தள்ளுபடி டயரில் முதலில் இதைப் பாருங்கள். ஆசிட்-லெட் பேட்டரி சும்மா இருந்தாலே சார்ஜ் இறங்கும். பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்த நிமிடமே காற்றிலிருந்து ஈரம் உறிஞ்சும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் தாங்க வேண்டும். ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155-தான். இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடிக்கும்போது ஆயில் கொதித்து லீவர் ஹேண்டில்பாரைத் தொடுவது இதனால்தான்.

கையிலேயே முடிகிற வேலைகள்

ஆயில் மாற்றுவதில் கெடுவது இரண்டு இடத்தில். ஒன்று, ஆயில் வகை. கிளட்ச் ஆயிலில் முழுகி ஓடும் வண்டிக்கு டப்பாவில் ஜாஸோ (ஜப்பானியத் தர முத்திரை) எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்க வேண்டும். உராய்வு குறைக்கும் மருந்து கலந்த கார் ஆயில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். மேல் கியரில் ஆர்பிஎம் ஏறும், வேகம் ஏறாது. இரண்டு, டிரெயின் போல்ட். வாஷரைப் புதிதாகப் போட்டு, மேனுவலில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சில் முடுக்குங்கள். பல பைக்குகளில் அது 20 முதல் 43 நியூட்டன் மீட்டருக்குள் வரும். கை பலத்தில் முடுக்கியே அலுமினிய மரையை அறுத்த வண்டிகள் எந்த ஒர்க்‌ஷாப்பிலும் நிற்கும்.

செயின் தொய்வு சாலை வண்டிகளில் பொதுவாக 25 முதல் 35 மி.மீ.; சஸ்பென்ஷன் நீளமான வண்டிகளுக்குக் கூடுதல். சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி, எங்கே மிக இறுக்கமாக இருக்கிறதோ அங்கே அளக்க வேண்டும். தொய்வான இடத்தில் அளந்து சரிசெய்தால் இறுக்கமான இடம் கம்பியாகிவிடும். ஆள் ஏறி உட்கார்ந்து பள்ளத்தில் இறங்கும்போது முன் ஸ்ப்ராக்கெட்டின் ஷாஃப்ட் பேரிங்கும் ஆயில் சீலும் அடிவாங்கும். தேய்மானம் பார்க்க, செயினை இழுத்துப் பிடித்து 21 பின்கள், அதாவது 20 இணைப்பு அளங்கள். 15.875 பிட்ச் செயினில் புதிதாக 317.5 மி.மீ. இருக்கும். மாற்ற வேண்டிய வரம்பு கம்பெனிக்குத் தக்க 319-இலிருந்து 323 வரை வரும். கிளிப் போட்ட இணைப்பானால் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும்.

சார்ஜிங் கோளாறுக்கு ஒரு மல்டிமீட்டர் போதும். நிற்கும் வண்டியில் நல்ல பேட்டரி 12.8 வோல்ட் அருகில் காட்டும். ஸ்டார்ட் செய்து 5000 ஆர்பிஎம்மில் 13.5-இலிருந்து 14.8 வரை இருந்தால் சரி. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது; அப்படியே ஓட்டினால் பேட்டரி கொதித்துச் சாகும். 13-க்கு மேல் ஏறவே இல்லையென்றால் ஸ்டேட்டரிலிருந்து (இன்ஜினுக்குள் மின்சாரம் தயாரிக்கும் சுருள்) வரும் மூன்று வயர் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். பல ஜப்பானிய வண்டிகளில் அவை மூன்றும் மஞ்சள். கனெக்டர் கருகியிருந்தால் பாதிக் கதை அங்கேயே முடிந்தது. இல்லையென்றால் இரண்டிரண்டு வயராக அளங்கள், மூன்று ஜோடியும் ஒரே மாதிரி குறைந்த ஓம் காட்ட வேண்டும். எந்த வயருக்கும் இன்ஜின் பாடிக்கும் தொடர்பு இருக்கக் கூடாது.

டேப்பட்: டீலர் இல்லாதபோது அதிகம் தள்ளிப்போடப்படும் வேலை

டேப்பட் வேலை என்றால் வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளியைச் சரிசெய்வது. ஸ்க்ரூவும் நட்டும் உள்ள சின்ன இன்ஜினில் இது அரை மணி நேர வேலை. பக்கெட்டுக்கு (வால்வின் மேல் கவிழ்ந்திருக்கும் கிண்ணம்) அடியில் ஷிம் (இடைவெளியைத் தீர்மானிக்கும் சின்னத் தகடு) உள்ள இன்ஜினில் கேம்ஷாஃப்டைக் கழற்ற வேண்டும். சத்தம் வரவில்லை என்று விட்டுவிடக் கூடாது. இந்த வகையில் இடைவெளி போகப் போகக் குறைவதே வழக்கம். குறைந்தால் சத்தம் இன்னும் அடங்கும். கடைசியில் எக்ஸாஸ்ட் வால்வ் முழுதாக மூடாமல் கருகும்.

இன்ஜின் ஆறி, தொட்டால் சூடே இல்லாத நிலையில் ஃபீலர் கேஜால் ஒவ்வொரு வால்வையும் அளந்து தாளில் குறியுங்கள். ஷிம் கணக்கு எளிது: அளந்த இடைவெளியிலிருந்து இருக்க வேண்டிய இடைவெளியைக் கழித்து, பழைய ஷிம்மின் கனத்தைக் கூட்டுங்கள். உதாரணமாக, இருக்க வேண்டியது 0.16, ஏற்பு 0.13 முதல் 0.19 வரை. அளந்தது 0.10, பழைய ஷிம் 1.800 என்றால் வரவேண்டியது 1.740. ஷிம்கள் 0.025 மி.மீ. படியில் வருகின்றன என்றால் 1.750 போட்டால் இடைவெளி 0.15, 1.725 போட்டால் 0.175. இரண்டும் ஏற்புக்குள்தான். இருந்தாலும் 1.725-ஐ எடுங்கள், இனிமேலும் குறையப் போகிற இடைவெளிதானே. ஷிம்மின் மேல் எழுதிய எண்ணை நம்பாமல் மைக்ரோமீட்டரில் அளங்கள்.

கேம்ஷாஃப்டைத் தூக்கும் முன் டென்ஷனரைத் தளர்த்தி, செயினை வயரில் கட்டி, டைமிங் குறிகளைப் போட்டோ எடுத்து, கேம் செயின் இறங்கும் குழியில் துணி அடைத்துவிடுங்கள். அந்தக் குழியில் விழுந்த ஷிம்மை எடுக்க இன்ஜினைப் பிரிக்க வேண்டி வரலாம். பூட்டியபின் ஸ்டார்ட்டரை அழுத்தாதீர்கள். கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். எங்காவது முட்டினால் நிறுத்துங்கள். ஒரு பல் தள்ளி மாட்டினாலும் வால்வும் பிஸ்டனும் மோதக்கூடும்.

இதை வெளி மெக்கானிக்கிடம் கொடுப்பதானால் பழைய அளவு, புதிய அளவு, போட்ட ஷிம் மூன்றையும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தருபவர் அளந்திருக்கிறார். "எல்லாம் கரெக்டா இருக்கு சார்" என்று மட்டும் சொல்பவர் கவரைத் திறந்தாரா என்பதே சந்தேகம்.

ஸ்கேனர் இல்லாமல் கோளாறு எண்ணை (கோடு) படிப்பது

பழைய ஃபியூயல் இன்ஜெக்ஷன் வண்டிகள் பலவற்றுக்கு ஸ்கேனரே வேண்டாம். ஹோண்டாவில் சீட்டுக்கடியில் உள்ள சர்வீஸ் கனெக்டரை மேனுவலில் சொன்ன வயர்களால் இணைத்துச் சாவியைத் திருப்பினால் எச்சரிக்கை விளக்கு மின்னும். நீண்ட மின்னல் 10, குட்டை மின்னல் 1. ஒரு நீளம், இரண்டு குட்டை என்றால் 12, அதாவது முதல் இன்ஜெக்டர். எட்டு குட்டை என்றால் த்ராட்டில் சென்சார். சுசுகியில் இதே மாதிரி இணைத்தால் மீட்டரிலேயே சி00, சி13 என்று வரும். சி00 என்றால் கோளாறு இல்லை.

யூரோ 5 விதிக்குப் பிறகு வந்த வண்டிகள் பலவற்றில் 6 பின் கொண்ட சிவப்புக் கனெக்டர் இருக்கிறது. சின்ன அடாப்டர் வழியாகச் கார்களுக்குப் பயன்படும் சாதாரண ஓபிடி ரீடரை (கோளாறு எண் படிக்கும் கருவி) மாட்டி இன்ஜின் கோடுகளைப் படிக்கலாம். சர்வீஸ் விளக்கை அணைப்பது, ஏபிஎஸ் பம்பை இயக்குவது மாதிரி வேலைகளுக்கு அது போதாது. அதற்கு பிஎம்டபிள்யூவுக்கு ஜிஎஸ்-911, டிரையம்ஃப் மாதிரி வண்டிகளுக்கு ட்யூன்ஈசியூ என்று தனிக் கருவிகளும் மென்பொருளும் இருக்கின்றன. ஒரே மாடல் வைத்திருக்கும் நான்கு பேர் சேர்ந்து ஒன்று வாங்கினால் கட்டுப்படியாகும். பிரேக் ஆயில் மாற்றும்போது மாஸ்டர் சிலிண்டரைக் காலியாக விடாமல் பார்த்துக்கொண்டால் ஏபிஎஸ் உள்ள வண்டியிலும் பெரும்பாலும் ஸ்கேனர் தேவைப்படாது. ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று போய்விட்டால் மட்டும் அந்தப் பம்பை இயக்காமல் அது வெளியே வராது.

தூரத்து டீலரிடம் புது வண்டி எடுத்தால்

கண்டெய்னரில் வந்து அவசரமாகப் பூட்டிய வண்டி என்றே வைத்துக்கொள்ளுங்கள். வாங்கிய அன்றே, கிளம்பும் முன், டயர் காற்றைப் பாருங்கள். போக்குவரத்துக்காக அதிகமாக அடித்ததை அப்படியே விட்டிருப்பார்கள். முன் ஆக்ஸில், அதன் பிஞ்ச் போல்ட், காலிப்பர் போல்ட், ஹேண்டில்பார் கிளாம்ப், பேட்டரி முனைகள், செயின் தொய்வு ஆகியவற்றைத் தொட்டுப் பாருங்கள். ஹேண்டிலை இரண்டு ஓரத்துக்கும் முழுதாகத் திருப்பி, எந்தக் கேபிளும் இழுபடவில்லை, ஐடிலிங் ஏறவில்லை என்று உறுதி செய்யுங்கள். பல கம்பெனிகளில் முதல் சர்வீஸ் 1000 கிலோமீட்டரில் வரும். டீலர் 300 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் அந்தத் தூரத்தையும் ரன்னிங்-இன் கணக்கில் சேர்த்து, 700 ஓடியதும் நாள் குறித்துவிட்டுக் கிளம்புங்கள். கிளம்பும் முன் தேவையான ஃபில்டரும் வாஷரும் அவரிடம் இருக்கிறதா என்று பார்ட் நம்பரைச் சொல்லிப் போனில் கேட்டுக்கொள்ளுங்கள்.